கை கழுவக் கற்பிக்கும் முன்: பள்ளிச் சுகாதாரக் கல்வித் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2022 டிசம்பர் இறுதியில், புதுக்கோட்டை மாவட்டம் முத்துக்காடு ஊராட்சிக்குட்பட்ட வேங்கைவயலில் பட்டியல் சமூகக் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். குடிநீரைச் சோதிக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்தினர். டிசம்பர் 26 அன்று மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. ஆய்வுக்குச் சென்ற மாவட்ட ஆட்சியர், இறையூரில் இரட்டைக் குவளை முறையும் கோயில் நுழைவுத் தடையும் நிலவுவதைக் கண்டார். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அக்குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊர்மக்கள் அதை ஏற்க மறுத்தனர்.

வழக்கு எவ்வாறு முடிந்தாலும் ஒன்று உறுதி. அக்குழந்தைகள் சுகாதாரம் அறியாததால் நோயுறவில்லை. ஆகவே, பள்ளிக்கு வரும் எந்தச் சுகாதாரக் கல்வித் திட்டத்தையும் இரண்டு அளவுகோல்களால் மதிப்பிட வேண்டும்: அது பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டா? சாதி நிலவும் நம் ஊரில் அது சமமாகச் சென்றடையுமா?

எது சான்று?

பரவலாக நடைபெறுவது சான்றாகாது. அமெரிக்காவில் காவலர்கள் வகுப்பறைக்கு வந்து போதை எதிர்ப்புப் பாடம் நடத்திய ‘டேர்’ திட்டம் 1983இல் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. போதைப் பழக்கத்தைக் குறைப்பதில் அதன் விளைவு மிகச் சொற்பம் எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

திட்டம் நடைபெற்ற பள்ளிகளையும் நடைபெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பெறும் முடிவே வலுவான சான்று. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ‘சேஹர்’ ஆய்வு, 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், வேறு சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் நடத்தினர். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு அறிகுறிகளும் துன்புறுத்தலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அந்த ஆலோசகர்கள் மருத்துவ வல்லுநர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். பாடநூலைப் போலவே, அதை யார் நடத்துகிறார் என்பதும் முக்கியம்.

புதுக்கோட்டைக்கு இது புதிய பாடமன்று. 1991இல் அறிவொளி இயக்கம் உள்ளூர்த் தொண்டர்களைக் கொண்டே எழுத்தறிவை வளர்த்தது. பல்லாயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர்.

சான்றையும் அப்படியே இறக்குமதி செய்ய இயலாது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் 14 கிராமங்களில் நடந்த ‘சூப்பர் அம்மா’ ஆய்வில், பரப்புரை நடந்த ஊர்களில் ஆறு மாதங்களுக்குப் பின் 37 விழுக்காட்டுத் தருணங்களில் மக்கள் சோப்பால் கை கழுவினர். ஏனைய ஊர்களில் 6 விழுக்காடு மட்டுமே. அப்பரப்புரை பயன்படுத்திய உணர்வுகளுள் ஒன்று அருவருப்பு. யாரை அருவருக்க வேண்டும் எனச் சாதி ஏற்கெனவே கற்பித்து வைத்திருக்கும் வகுப்பறையில், அந்த உணர்வைக் கையாள மிகுந்த எச்சரிக்கை தேவை.

இப்போது இருப்பவை

ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத்திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. வளரிளம் பருவம், மனநலம், ஊட்டச்சத்து, பாலினச் சமத்துவம் உள்ளிட்ட 11 கருப்பொருள்களைப் பள்ளிக்கு இரு ஆசிரியர்கள் கற்பிக்க வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டமும் உண்டு. எனினும், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை உள்ளது. மாத்திரை எத்தனை வழங்கப்பட்டது என்பது கணக்கு; குருதிச்சோகை குறைந்ததா என்பதே சான்று.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இத்திட்டம் எங்கே, எவரிடம், எதனுடன் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது?

2. நடத்துபவர் யார்? அவருக்குப் பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் உண்டா?

3. கற்பிப்பதைச் செய்து பார்க்கத் தண்ணீர், சோப்பு, கழிவறை, நாப்கின் அகற்றும் வசதி ஆகியவை உள்ளனவா?

4. கழிவறையைக் கழுவுவது யார்? 2022 டிசம்பரில், பட்டியல் சமூக மாணவர்களைக் கழிவறை கழுவச் செய்த புகாரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் தலைமையாசிரியை ஒருவர் கைதானார். மாணவர் ஒருவர் டெங்கு காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்ந்த பின்னரே உண்மை வெளிவந்தது.

5. விளைவை அளவிடுகையில் பட்டியல் சமூக மாணவர், மாணவியரின் நிலை தனியே பதிவாகிறதா? பொதுச் சராசரி உயர்ந்தாலும் சேரிப் பிள்ளைகளின் நிலை மாறாதிருக்கலாம்.

சட்டம் தரும் பிடி

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, பாதுகாப்பான குடிநீரையும் ஆண், பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிவறைகளையும் கட்டாயமாக்குகிறது. நலிந்த பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பது அரசின் கடமை எனப் பிரிவு 8 கூறுகிறது. பிரிவு 21இன்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதியளவினர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். அனைத்துப் பள்ளிகளிலும் குடிநீர், கழிவறை வசதிகளை உறுதிசெய்ய 2012 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. பட்டியல் சமூகத்தார் பயன்படுத்தும் நீரைப் பட்டியல் சமூகத்தைச் சாராத ஒருவர் மாசுபடுத்துவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3இன்கீழ் குற்றம்.

எனவே, முதல் வேலை மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் உள்ளனரா எனப் பார்ப்பது. இரண்டாவது, பள்ளியில் நடைபெறும் திட்டத்தின் பயிற்சி விவரம், செலவு, மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பது. மூன்றாவது, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில் பள்ளிக் குடிநீரின் ஆய்வு முடிவைப் படிக்கச் செய்து, தீர்மானமாகப் பதிவு செய்வது. கல்லூரி மாணவர்கள் தம் ஊர்ப் பள்ளி ஒன்றில் இம்மூன்றையும் இவ்வாண்டே தொடங்கலாம்.

குழாயடியில் சமத்துவம் இல்லாத பள்ளியில் சுகாதாரப் பாடம் நோயின் பழியைக் குழந்தையின் மீதே சுமத்தும். தண்ணீரும் கழிவறையும் மரியாதையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் பள்ளியில்தான் அப்பாடம் கல்வியாகும்.