கலைக்களஞ்சியமும் கருத்து முரண்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

கலைக்களஞ்சியம் அறிவின் தொகுப்பு மாத்திரமன்று. எது அறிவெனக் கொள்ளப்படவேண்டும் என்பது பற்றிய போராட்டத்தின் விளைபொருளுமாகும். அச்சில் வந்த களஞ்சியங்களில் இப்போராட்டத்தின் முடிவு மட்டுமே வாசகனுக்குக் கிட்டியது. அதன் போக்கு மறைந்துபோயிற்று. 2001 ஜனவரி 15இல் இணையத்தில் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியாவிலோ யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆகவே முரண்பாடு அங்கு வெளிப்படையாகவே நிகழ்கின்றது. அம்முரண்பாடுகள் எவ்வாறு தீர்க்கப்பட்டன, அத்தீர்வுகளின் எல்லை யாது என்பனவற்றை இங்கு நோக்குவோம்.

ஒப்பீட்டுக்காக முதலிற் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சைக் கருதலாம். டிடெரோவின் தலைமையில் 1751இல் வெளிவரத் தொடங்கிய கலைக்களஞ்சியம், நிலமானிய அமைப்புக்கும் திருச்சபை அதிகாரத்துக்கும் எதிராக வளர்ந்துவந்த முதலாளித்துவ வர்க்கத்தின் அறிவாயுதமாக விளங்கியமை பலரும் அறிந்ததே. 1759இல் அரசு அதற்களித்திருந்த வெளியீட்டு உரிமையை இரத்துச் செய்தது. எனினும், வெளியிலிருந்து வந்த அத்தடையைக் காட்டிலும் உள்ளிருந்து வந்த திருத்தமே நமது பொருளுக்கு முக்கியமானது. அச்சகத்தாராகிய லெ பிரெத்தோன், தண்டனைக்கும் முதலீட்டின் அழிவுக்கும் அஞ்சி, இறுதிப் பத்துப் பாடத் தொகுதிகளின் கட்டுரைகள் பலவற்றை ஆசிரியர் அறியாவண்ணம் வெட்டிவிட்டார். 1764இல் டிடெரோ இதனைக் கண்டறிந்தபோது காலங் கடந்திருந்தது. வெட்டப்பட்ட பகுதிகள் சிலவற்றைக் கொண்ட அச்சுப் படிகள் இருபதாம் நூற்றாண்டிலேதான் வெளிச்சத்துக்கு வந்தன. உற்பத்திச் சாதனத்தை உடைமையாகக் கொண்டவனே இறுதித் திருத்தகனாகவும் இருந்தான் என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் அக்கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்திற் பதிவாகின்றது. நீக்கப்பட்ட வாக்கியமும் பெரும்பாலும் அங்கு எஞ்சி நிற்கும். விவாதம் உரையாடற் பக்கத்தில் நிகழும். இதனால் இரகசிய வெட்டு அரிதாயிற்று; ஆனால் பூசல் ஓயவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதும், அழித்ததை முன்னவர் மீட்பதுமாகத் தொடர்ந்த போர்களைக் கட்டுப்படுத்த, 24 மணி நேரத்துள் ஒரு பக்கத்தில் ஒருவர் மூன்று தடவைக்கு மேல் பிறர் திருத்தத்தை மாற்றியமைக்கலாகாது என்ற விதி ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் நடுவர் குழுவும் இயங்கத் தொடங்கியது. ஆயின் அக்குழு பங்களிப்பாளரின் நடத்தையைப் பற்றியே தீர்ப்பளிக்கும்; கட்டுரையின் உள்ளடக்கத்தில் எது உண்மையெனத் தீர்ப்பளிக்காது. விதியும் நடுவரும் போர் நிறுத்தத்தை ஏற்படுத்தலாம்; முரண்பாட்டின் உள்ளடக்கத்தைத் தீர்க்க வேறு வழி வேண்டியிருந்தது.

அத்தகைய வழியொன்று பால்டிக் கடற்கரைத் துறைமுக நகரொன்றின் பெயர் பற்றிய சர்ச்சையிற் காணப்பட்டது. அதனைப் போலந்து மொழிப் பெயரால் க்டான்ஸ்க் என்பதா, ஜெர்மன் மொழிப் பெயரால் டான்சிக் என்பதா என்பதில் நீண்ட பூசல் நிலவியது. 2005இல் வாக்கெடுப்பு நடைபெற்றது. எப்பெயர் சரியானது என்று பொதுப்பட வினவாது, காலப்பகுதி ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துக்கொண்டமையே அதன் சிறப்பு. 1308க்கு முன்னும் 1945க்குப் பின்னும் க்டான்ஸ்க், இடைப்பட்ட காலத்துக்கு டான்சிக் என முடிவாயிற்று. 1793 வரையிலான மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அந்நகர் போலந்து முடிக்கு உட்பட்டிருந்தபோதிலும், அதன் வணிக மேற்குடியினர் பெரிதும் ஜெர்மன் மொழி பேசினர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பெயரை மாறாத சாராம்சமாகக் கொண்டவரைக்கும் தீர்வு கிட்டவில்லை. அதனை வரலாற்றுக்கு உட்படுத்தியபோதே கிட்டியது.

நமது நாட்டு அனுபவம் பிறிதொரு வழியைக் காட்டுகின்றது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் நடைமுறையிற் குலைந்துகொண்டிருந்த 2006இல், இலங்கை பற்றிய கட்டுரைகளிலும் அப்போர் பிரதிபலித்தது. அவ்வாண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கை நல்லிணக்கத்துக்கெனப் பங்களிப்பாளர் குழுவொன்று அமைந்தது. போரிடும் தரப்புகளைச் சார்ந்த மூலங்களை முற்றாக விலக்காமல், இன்ன தரப்பினர் இவ்வாறு கூறுகின்றனர் என வெளிப்படையாகக் குறித்தே பயன்படுத்தவேண்டும் என்னும் உடன்பாட்டை அது நாடியது. கூற்றை அதன் சமூகத் தளத்தோடு சேர்த்து வாசித்தல் இலக்கியத் திறனாய்வாளராகிய நமக்குப் புதியதன்று. நடுநிலைமை என்பது தரப்புகள் இல்லையெனப் பாவனை செய்வதன்று. தரப்பைப் பெயர் சொல்லிக் காட்டுவதாகும்.

எனினும் இவ்வழிகளின் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஊதியமின்றி எழுதுவதற்கு ஓய்வும் கல்வியும் இணைய வசதியும் வேண்டும். அவை எல்லா வர்க்கத்தினர்க்கும் ஒப்பக் கிட்டுவனவல்ல. இவை அற்றவர் கருத்தொருமிப்பிலும் இடம்பெறார். அன்றியும், வெளியிடப்பட்ட மூலத்தின் சான்று இன்றி எதனையும் நிலைநிறுத்த முடியாது என்பது விதி. கட்டற்ற புனைவைத் தடுப்பதற்கு அவ்விதி இன்றியமையாதது. ஆனால் அச்சு என்பது வரலாறு முழுவதும் சமமாகப் பங்கிடப்பட்டதன்று. மலையகத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துரைமாரின் நூல்களும் நிருவாக அறிக்கைகளும் அச்சேறின. தொழிலாளரின் அனுபவம் பெரிதும் வாய்மொழியில் நின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அரச ஏட்டில் உள்ளது. அதனால் நாடற்றவரான குடும்பமொன்றின் நினைவு எந்த ஏட்டில் உள்ளது? உரையாடற் பக்கத்தில் இவ்விரண்டும் மோதுமாயின் வெல்வது எதுவெனக் கூறத் தேவையில்லை.

இதனைக் கொண்டு அம்முயற்சியையே புறக்கணித்தல் தகாது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. அதனை வளர்த்தெடுத்தோரில் ஈழத்தவரின் பங்கு கணிசமானது. இங்கு நம்முன் உள்ள கடமை இரண்டு. உரையாடற் பக்கங்களை நமது காலத்தின் கருத்துநிலைப் போராட்ட ஆவணங்களாகக் கொண்டு ஆராய்தல் ஒன்று. வாய்மொழியில் உள்ளதை முறையாகத் தொகுத்து, காலமும் இடமும் குறித்து வெளியிடுதல் மற்றொன்று. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியபோது செய்ததும் இதுவே: சான்றற்றவர் எனப்பட்டோரை அவர் சான்றுடையோர் ஆக்கினார். முரண்பாடு நீதியாகத் தீர்வதற்கு விதிகள் மட்டும் போதா. இருதரப்பாரிடமும் மூலங்கள் இருத்தல் வேண்டும். அம்மூலங்களை உருவாக்குதல் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாகும்.