மதுவிலக்குக் கலையும் மது மீட்சிக் கலையும்

யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதியின் இருமருங்கும் கடல்நீரேரி வரை பரந்து கிடக்கும் அரியாலையில் பனை பழைய செல்வம். முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசிக் கட்டின் கருப்பநீர் இறங்கும். பூசாது விடின் அதே பாளை கள்ளைத் தரும். முன்னது பனங்கட்டியாகி அடுக்களை சேர்ந்தது. பின்னது தவறணை சேர்ந்தது. தவறணைக்கு எதிரான குரலும் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் மதுவிலக்கை வற்புறுத்திச் சென்றார்.

அக்கால மதுவிலக்கு இயக்கம் கலையைக் கையாண்ட விதம் ஆராய்தற்குரியது. 1860இல் ஸ்கொத்லாந்து மதுவிலக்குச் சங்கத்தின் 100 பவுண் பரிசினைப் பெற்ற நாவல், ஹென்றி வூட் அம்மையாரின் 'டேன்ஸ்பெரி ஹவுஸ்'. அதனைத் தழுவி எஸ். எஸ். வாசன் எழுதிய 'சதிலீலாவதி' 1936இல் எல்லிஸ் ஆர். டங்கனின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. குடிமயக்கத்தில் நண்பனைக் கொன்றுவிட்டதாக அஞ்சிய நாயகன் ஓடி ஒளிவது, வேறெங்குமன்று, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலேதான்! படம் எம். ஜி. ஆரின் முதற்படம் என்பதனாலேயே இன்று பேசப்படுகிறது. அதன் மதுவிலக்கு நோக்கம் பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது. இத்தகைய படைப்புகளிற் குடிகாரன் பிறர்க்கு எச்சரிக்கையாக நிறுத்தப்பட்டான். அவனுக்கு அழிவு உண்டு, திருந்துதலும் உண்டு. தன் நோயைத் தானே சொல்லும் வாய் மட்டும் இல்லை.

அவ்வாய் வேறிடத்தில் திறந்தது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியினின்று மீள விழைந்த இருவர் தம் கதையை ஒருவருக்கொருவர் கூறியதிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தோன்றியது. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர், காசநோயாளராய்ப் படுத்திருந்த நாளில் தாம் வரைந்து பெற்ற ஆறுதலைப் பிற நோயாளர்க்கும் பகிர்ந்து, 1942இல் அதற்குக் 'கலைச் சிகிச்சை' எனப் பெயரிட்டார். குடிநோய் மருத்துவம் இவ்விரண்டையும் பின்னர் இணைத்துக்கொண்டது. ஆயினும் ஓவியம் மருந்துக்கு மாற்றன்று. நெடுநாட் குடித்தவர் திடீரென நிறுத்துங்கால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம். உயிரே போதலும் கூடும். மருத்துவர் அதனைத் தணித்த பின்னரே தூரிகைக்கு வேலை. சொல்ல நாணுவதை நிறத்தாற் காட்டவும், மாலைப்பொழுதின் வெறுமையைக் கையால் நிரப்பவும் அப்போது அது உதவுகிறது.

தமிழகத்தில், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்தோடு குழு உரையாடலும் குடும்பத்தார்க்கான ஆலோசனையும் அங்கு இடம்பெற்றன.

யாழ்ப்பாணத்திலோ ஆற்றுப்படுத்தும் கலை அரங்கின் வழியே வந்தது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போரின் உளக்காயத்தை மேடையேற்றியது. க. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாடுகள் மக்களையே தம் துயரைச் சொல்லவும் ஆடவும் செய்தன. இவை குடிநோயாளரை முன்னிட்டு எழுந்தவையல்ல. ஆனால் போர்க்காயமும் மதுவும் பல வீடுகளில் ஒருங்கே குடியிருப்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் அரியாலையைக் கடந்து, செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு இரவிரவாக நடந்தனர். வீட்டையும் உறவையும் இழந்து அவ்வழி நடந்து பின்னர் மதுவுக்கு ஆட்பட்டவனை, தீய நண்பரால் கெட்ட லீலாவதியின் கணவனோடு ஒருங்குவைத்து எண்ணுதல் பொருந்தாது. அவன் கையில் தாளும் வண்ணமும் கொடுப்பவர், அவன் முதலில் வரைவது போத்தலாக இராமல் பூட்டிவிட்டு வந்த வீடாக இருப்பின், அதனையும் நோயின் வரலாறாகவே கொள்ளல் வேண்டும்.