ஹாஸ்பிஸ்: கடைசிச் சத்திரத்தின் கதை

பத்மாராவ் நகரில் எங்கள் தெருவிலேயே குடியிருந்த அத்திம்பேர் 2009-இல் கணையப் புற்றுநோயால் காலமானார். கடைசிப் பதினொரு நாளும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், அதுவும் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த என் அக்கா, கீழே ரிசப்ஷன் நாற்காலியில் ஸ்லோகப் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவருக்கு வலிக்கறதான்னு மட்டும் கேட்டுச் சொல்லேண்டா" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. கேட்டேன். ரத்த அழுத்தம் சொன்னார்கள், கிரியாடினின் சொன்னார்கள். வலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வாயில் குழாய் இருந்ததால் அவராலும் சொல்ல முடியவில்லை.

ஹாஸ்பிஸ் என்ற வார்த்தையே அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்ததில், அது நம் சத்திரத்துக்கு ரொம்ப தூரத்து உறவில்லை என்று தெரிந்தது. லத்தீனில் 'ஹாஸ்பெஸ்' என்றால் விருந்தாளி; விருந்தளிப்பவருக்கும் அதே சொல்தான். மத்திய காலத்து ஐரோப்பாவில் யாத்ரீகர்கள் தங்கிப் போகும் இடம் ஹாஸ்பிஸ். மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கென்று அந்தப் பெயர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். டப்ளின் நகரில் 1879-இல் கன்னியாஸ்திரீகள் ஒரு ஹாஸ்பிஸ் ஆரம்பித்தார்கள். அதே சபையினர் 1905-இல் லண்டனில் செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார்கள்.

இன்றைய ஹாஸ்பிஸின் தாய் என்று சொல்லத்தக்கவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகப் பயின்றவர், முதுகுவலியால் அதை விட்டு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரானார். 1948-இல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர், சொந்த பந்தம் யாருமில்லாத அகதி, புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தபோது அவரோடு பல மணி நேரம் பேசியிருக்கிறார். டாஸ்மா தன்னிடமிருந்த 500 பவுனை, நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்ற அர்த்தத்தில் சொல்லி எழுதி வைத்துவிட்டுப் போனார். வீடு எழும்பப் பத்தொன்பது வருஷமாயிற்று! நடுவில் அந்த அம்மாள் மருத்துவமும் படித்து 1957-இல் டாக்டரானார். 1967-இல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. 2005-இல் அங்கேயேதான் அவர் காலமானார்.

அவர் செய்த பெரிய காரியம் எளிமையானது. நோயாளி வலியில் துடித்துக் கெஞ்சிய பிறகு மருந்து கொடுப்பது அந்நாள் வழக்கம். அவரோ வலி திரும்புவதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்து, தவறாமல் மார்ஃபின் கொடுக்கச் செய்தார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசு, குடும்பம், பணக்கவலை, தெய்வத்தோடு உள்ள வழக்கு எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்றும் சொன்னார். செயின்ட் ஜோசப்ஸில் அவர் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது 1958-இல். அதே 1958-இல்தான் காசியில் முக்தி பவன் ஏற்பட்டது. அங்கே ராம நாமமும் கங்கா தீர்த்தமும் உண்டு, வைத்தியம் கிடையாது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

நம் தேசத்தில் முதல் ஹாஸ்பிஸ் 1986-இல் பம்பாய் பாந்த்ராவில் வந்த சாந்தி அவேத்னா. டாக்டர் எல்.ஜே. டிசூஸா தொடங்கியது. சென்னையில் ஜீவோதயா பிறகு வந்தது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபினுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டது. காஜிபூரில் சர்க்காரே அபின் தொழிற்சாலை நடத்துகிறது; இங்கே புற்றுநோயாளிக்கு ஒரு மாத்திரை கிடைக்காமல் இருந்தது. அப்போது பல லைசென்ஸ்கள் வேண்டியிருந்தன, ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிட்டது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் ஆரம்பித்த சொசைட்டிதான் இதை எதிர்த்துப் பெரிதாகப் போராடியது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது.

ஹைதராபாத்துக்கு வருகிறேன். ரெட் ஹில்ஸில் உள்ள எம்.என்.ஜே. புற்றுநோய் ஆஸ்பத்திரி, குஜராத்தின் முதல் கவர்னராக இருந்த மெஹ்தி நவாஸ் ஜங் பெயரைத் தாங்கியது. அங்கே 2006-இல் டாக்டர் காயத்ரி பாலட் வலி நிவாரணப் பிரிவைத் தொடங்கினார். அத்திம்பேர் ஐ.சி.யு.வில் கிடந்தபோது அது நடந்துகொண்டுதான் இருந்தது, பத்மாராவ் நகரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில். குகட்பள்ளியில் ராணி குமுதினி தேவி தொழுநோயாளிகளுக்காக நிறுவிய சிவானந்தா இல்லத்தின் வளாகத்தில், அவர் பெயராலேயே ஒரு ஹாஸ்பிஸ் வந்தது. 2011-இல் பஞ்சாரா ஹில்ஸ் ரோட்டரி சங்கத்தார் ஸ்பர்ஷ் ஹாஸ்பிஸ் தொடங்கினார்கள், பிறகு காஜாகுடாவில் சொந்தக் கட்டடம் கட்டினார்கள். காசு வாங்குவதில்லை.

2019-இல் அக்காவுக்கே கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் கட்டி, கல்லீரல் வரை பரவிவிட்டது. "என்னை அந்த ஐ.சி.யு.வில போட்டுடாதேங்கோ" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஒரு ஹாஸ்பிஸின் வீட்டுப் பராமரிப்புக் குழு வாரம் ஒரு தரம் வந்தது. நர்ஸ் பெண் மலையாளி, தெலுங்கிலும் அரைகுறைத் தமிழிலுமாகப் பேசுவாள். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டுவது, வாயை ஈரத்துணியால் எப்படித் துடைப்பது, மார்ஃபினோடு மலச்சிக்கலுக்கும் மருந்து ஏன் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தாள். நியூஜெர்ஸியிலிருந்து அக்கா பிள்ளை, "மாமா, அம்மாவை அடிக்ட் ஆக்கிடுவா, நிறுத்துங்கோ" என்று சத்தம் போட்டான். நர்ஸ் போனை வாங்கிப் பொறுமையாகப் பேசினாள்: வலிக்குத் தக்க அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம், உயிரைச் சீக்கிரம் எடுக்கவும் செய்யாது, அம்மா ராத்திரி தூங்குகிறார்களா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். அவன் கேட்டான். அக்கா தூங்கினாள், மூன்று மாதத்துக்குப் பிறகு.

வாய்வார்த்தையாகச் சொன்னதை நாங்கள் மதித்தோம். எழுதி வைப்பவர்களுக்கும் வழி உண்டு. 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதற்கு அங்கீகாரம் கொடுத்தது, 2023-இல் நடைமுறையையும் சுலபமாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து போதும்.

மூச்சுத் திணறல் வந்ததும் கடைசி நாலு நாளைக்கு ஹாஸ்பிஸுக்கே கொண்டு போனோம். "சாகறதுக்குன்னு ஒரு எடத்துல கொண்டு விட்டுட்டான்னு நாலு பேர் சொல்லமாட்டாளா" என்று என் மனைவிக்குக் கலக்கம். சொன்னார்கள்தான். அங்கே பார்வையாளர் நேரம் கிடையாது. நான் இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் ஃபில்டர் காபி வேண்டுமென்றாள். பிளாஸ்க்கில் கொண்டுபோய் இரண்டு ஸ்பூன் கொடுத்தோம். "சக்கரை கம்மி" என்றாள்.

பதிமூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடிந்து வந்த வாரம், அந்த நர்ஸ் போன் செய்தாள். காரியங்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "சார், உங்களுக்கு இப்ப தூக்கம் வருதா?" என்று கேட்டாள்.