பொன்போலி: ஒரு மெழுகுப் பசையின் முன்கதை

விரல் நுனியில் சிறிது பசையைத் தொட்டு, பழைய மரச்சட்டத்தின் செதுக்கு மேடுகளில் இழைத்து, சற்றுப் பொறுத்து மென்துணியால் தேய்த்தால் சட்டம் பொன்னிறம் கொள்கிறது. விளக்குத் தண்டு, இழுப்பறைப் பிடி, பூச்சாடி என மங்கிப்போன வீட்டுப் பொருள்கள் பலவற்றை இவ்வாறு புதுப்பிக்கலாம். இண்டியானாபொலிஸ் நகரில் 1919-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் ஆர்ட் க்ளே நிறுவனத்தின் ‘ரப் அண்ட் பஃப்’ இவ்வகைப் பசைகளுள் பெயர்பெற்றது. கட்டைவிரல் அளவேயான அக்குழாய்க்குள் இருப்பவை மெழுகும் நிறமிகளும் கரைப்பானும். பொன் அதில் இல்லை.

ஆகவே இது போலி. ஆனால் தமிழிலக்கணத்தில் போலி என்பது வசைச்சொல் அன்று. அறம் ‘அறன்’ என்றும் நிலம் ‘நிலன்’ என்றும் வரும்போது, ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோரெழுத்து வந்து நிற்கிறது, பொருள் கெடுவதில்லை. உலக வழக்கிலோ அதே சொல் ஏமாற்றைக் குறிக்கிறது. பொன்னுக்குப் பதிலாக வந்து நின்ற இந்தப் பசையை எந்தப் பொருளில் போலி என்பது? அதன் முன்கதையைப் பார்த்த பிறகே விடை சொல்ல இயலும் என்று கருதுகிறோம்.

உலோகத்தின்மீது மெய்யான பொன்முலாம் பூசும் பழைய முறை நெருப்பு முலாம். சீனத்திலும் உரோமிலும் பண்டே அறியப்பட்டிருந்த முறை அது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் போன்ற கலவையாக்குவர். அதைப் பொருளின்மீது தடவித் தீயில் வாட்டுவர். பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் மெழுகு வருகிறது. தேன்மெழுகுடன் செங்காவியும் செம்புக் களிம்பும் சேர்த்துக் குழைத்த பூச்சை முலாத்தின்மீது தடவி, மீண்டும் சூடேற்றி எரிப்பர். வெளிறிய பொன் அதனால் செம்மை பெறும். மெழுகும் பொன்னிறமும் கொண்ட உறவு, ஆக, புதியதன்று.

போன பாதரசம் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி 1700-இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் தொடக்க இயல்களிலேயே முலாம் பூசுவோர் இடம்பெறுகின்றனர். கைநடுக்கம், உமிழ்நீர்ப் பெருக்கு, பற்கள் ஆடி விழுதல், அகால மரணம்: இவை அத்தொழிலாளர் பெற்ற கூலியின் மறுபாதி. பிரெஞ்சு அரண்மனைகளில் இன்றும் மின்னும் கடிகாரங்களும் விளக்குத் தண்டுகளும் அந்த ஆவியைச் சுவாசித்தவர்களின் கைவேலையே.

இதனை உணர்ந்தவர் அத்தொழிலுக்குள்ளேயே ஒருவர் இருந்தார். நெப்போலியன் காலத்துப் பாரிசில் வெண்கலக் கலைப்பொருள்கள் செய்து புகழ்பெற்ற அந்துவான் அந்த்ரே ராவ்ரியோ 1814-இல் மறைந்தார். முலாம் பூசுவோரைப் பாதரசத்திலிருந்து காக்கும் வழி காண்பவருக்கு 3,000 பிராங்கு பரிசளிக்குமாறு தம் உயிலில் எழுதிவைத்தார் அவர். ஆவியைத் தொழிலாளியின் முகத்துக்கு வரவிடாமல் புகைபோக்கி வழியே இழுத்துச் செல்லும் அடுப்பை வடிவமைத்த தார்சே என்ற வேதியியலாளர் 1818-இல் அப்பரிசைப் பெற்றார். பின்னர் 1840-இல் பர்மிங்காமைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்றபோது, பாதரச அடுப்புகள் மெல்ல அணையத் தொடங்கின.

மின்முலாம் உலோகத்துக்கு ஆயிற்று. மரத்துக்கும் சுதைக்கும் என்ன வழி? பொன் ரேக்கு ஒட்டலாம், செல்வர் வீட்டில். எளியோருக்கு இருந்தது பித்தளைப் பொடி. வெண்கலப் பொடி என்றே வணிகத்தில் வழங்கிய அது, பவேரியாவின் நூரம்பர்க், ஃபூர்த் வட்டாரத்தில் உருவாயிற்று. பித்தளையை ரேக்காக அடித்து, பிசினுடன் சேர்த்துக் கல்லில் கையால் அரைத்து, கழுவி எடுப்பது முறை. பொருள் மலிவு, கையுழைப்பு மிகுதி, ஆகவே விலையும் மிகுதி.

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டனில் ஹென்றி பெஸ்ஸிமர் என்ற இளைஞர், தம் தமக்கை தீட்டிய மலரோவியத் தொகுதியின் மேலட்டையில் பொன்னெழுத்துப் பொறிக்க இந்தப் பொடியை வாங்கச் சென்றார். ஓர் அவுன்சு 7 சில்லிங் என்றனர். உள்ளிருக்கும் உலோகமோ ஒரு பவுண்டு எடைக்கு 11 பென்சு பெறாது. நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த இடைவெளி அவரை உறங்கவிடவில்லை. எந்திரத்தால் செய்துபார்த்த முதற்பொடி மின்னவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் புலனாயிற்று: தம் பொடி சுருள்சுருளாக இருந்தது, கடைப்பொடி தட்டையான செதிள்களாக இருந்தது. ஒளியைத் திருப்பி அனுப்புவது செதிளின் தட்டைத்தன்மையே.

பிழையறிந்து எந்திரத்தைத் திருத்தினார். காப்புரிமை கேட்டால் முறையை வெளியிட நேரும் என்பதால் அதைத் தவிர்த்தார். உறுப்புகளை வெவ்வேறு ஊர்ப் பட்டறைகளில் தனித்தனியே செய்வித்தார்; வேலையை மனைவியின் உடன்பிறந்தார் மூவரிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த மறைபொருள் காக்கப்பட்டது. 1856-இல் அவர் அறிவித்த எஃகு செய்யும் முறை உலகை மாற்றியது. அந்த ஆய்வுகளுக்குச் செலவிட்ட பணத்தின் ஊற்று இந்தப் பொடிதான். தொழிற்புரட்சியின் எஃகுக்குப் பின்னால் பொய்ப்பொன் நின்றது என்பது வரலாற்றின் நகைமுரண்.

பொடியாக இருந்தது பசையானதற்கும் உயிரச்சமே ஒரு காரணம். நுண்ணிய உலோகத் தூள் காற்றில் பரவினால் பொறிபட்டு வெடிக்கும். 1920-களில் அமெரிக்காவில் ஹால் என்பவர் அலுமினியத்தைக் கரைப்பானில் நனைத்தபடியே உருளைகளில் அரைக்கும் முறையை உருவாக்கினார். தூள் பறக்காமல் பசையாகவே கிடைத்தது. செதிள்களை மெழுகு பிடித்துவைத்துக்கொள்ள, கரைப்பான் உலர, தேய்க்கும் துணி அவற்றை ஓடு வேய்ந்தாற்போலப் படுக்க வைக்க, பொருள் மினுங்குகிறது. நம் விரல்நுனிப் பசையின் நுட்பம் இவ்வளவே.

குறையும் சொல்லியாக வேண்டும். பொன் கறுக்காது, பித்தளைச் செதிள் கறுக்கும். மெழுகிலும் எண்ணெயிலும் உள்ள அமிலங்கள் செம்பைத் தின்று பச்சை பூக்கச் செய்யும். மெய்யான பொன் ரேக்கு ஒட்டிய பழஞ்சட்டங்கள்மீது இத்தகைய பூச்சைத் தடவிவைத்துவிட்டு, பின்னர் அது பழுப்பேறிய பிறகு அகற்ற அரும்பாடுபடும் அருங்காட்சியகத்தார் உண்டு. இன்றைய பசைகள் சிலவற்றில் அப்பிரகச் செதிள்களே நிறமி, அவை கறுப்பதில்லை. எனினும் மூலப் பொன்முலாம் இருக்கும் பொருளின்மீது எந்தப் பசையையும் தடவாதிருப்பதே முறை. கரைப்பானின் நெடி காரணமாகக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே இவ்வேலையைச் செய்யவேண்டும்.

பசையைப் பொன் என்று சொல்லி விற்பவன் ஏமாற்றுக்காரன், அதில் ஐயமில்லை. தன் வீட்டுச் சட்டத்தில் அதைத் தடவிக்கொள்பவன் யாரையும் ஏமாற்றவில்லை. பொன்னின் வேலைகளுள் ஒன்றான ஒளிர்தலை மட்டும் வேறொன்றுக்குக் கொடுத்திருக்கிறான். அந்த ஒளிக்காக எவருடைய கையும் நடுங்கத் தேவையில்லாமல் போயிற்று. அசல் என்ற சொல்லுக்கு நாம் தரும் மதிப்பில் அந்தக் கைகளின் கணக்கையும் சேர்த்தால், இலக்கணிகள் வகுத்த போலியே இதற்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது.