அன்னபூர்ணாவுக்கு வழிச்செலவு

1969-ல், ஆர்லீன் ப்ளம் என்ற அமெரிக்க வேதியியல் மாணவி, ஆப்கானிஸ்தானுக்கு மலையேறப் போகும் ஒரு குழுவில் சேர விண்ணப்பித்தார். இடமில்லை என்று பதில் வந்தது. ஒன்பது ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் இருந்தால் பனி வெளியில் எல்லோருக்கும் சங்கடமாம், ஆண்களின் கலகலப்பும் கெட்டுவிடுமாம். அடுத்து அலாஸ்காவின் டெனாலி மலைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம் கண்ணில் பட்டது. விசாரித்தார். பெண்கள் அடிவார முகாம் வரை வரலாம், சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்றார்கள். அதற்குக் கட்டணச் சலுகைகூட உண்டு! அடுப்படியோடு நின்றுவிட ஆர்லீன் தயாராக இல்லை.

மறு ஆண்டே ஆறு பெண்கள் தனிக் குழுவாக டெனாலிக்குப் புறப்பட்டார்கள். தலைவி கிரேஸ் ஹோமன் ஒரு மருத்துவர். 25 வயது ஆர்லீன் துணைத் தலைவி. 6,190 மீட்டர் உச்சியை ஆறு பேரும் தொட்டார்கள். இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் கிரேஸ் நினைவிழந்து விழுந்தார்.

பொறுப்பு முழுவதும் ஆர்லீன் தலையில் விழுந்தது. கையில் இருந்ததைக் கொண்டு ஒரு தூக்குப்படுக்கை கட்டி, ஐந்து பேருமாகத் தலைவியைக் கீழே கொண்டுவந்து காப்பாற்றினார்கள். அன்று கிரேஸ் இறந்திருந்தால், 'அப்போதே சொன்னோமே' என்ற பேச்சு பல ஆண்டுகளுக்கு ஓய்ந்திருக்காது. எல்லோரும் பிழைத்ததால் ஆர்லீனின் கண் இன்னும் உயரமான மலைகள் மேல் போயிற்று.

1972-ல் இந்துகுஷ் தொடரின் நோஷாக் மலையில் போலந்துக் குழுவினரை அவர் சந்தித்தார். அவர்களில் இருவர் வாண்டா ருட்கேவிச், ஆலிசன் சாட்விக். உலகில் 8,000 மீட்டருக்கு மேல் 14 சிகரங்கள் இருக்கின்றன, அதுவரை ஒன்றில்கூட ஒரு பெண்ணின் கால் பட்டதில்லை. அதைப் பெண்களே சேர்ந்து செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. அது கைகூடுவதற்குள் ஜப்பானியப் பெண்கள் 1974-ல் மனஸ்லுவையும், அடுத்த ஆண்டு எவரெஸ்டையும் ஏறிவிட்டார்கள். ஆர்லீன் குழு தேர்ந்தெடுத்தது, ஓயாத பனிச்சரிவுகளால் பேர்போன அன்னபூர்ணா. உயரம் 8,091 மீட்டர். நேபாள அரசின் அனுமதி கிடைத்தது. 80,000 டாலர்தான் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவே அவருடைய பெயரை நாடறியச் செய்தது மலையல்ல, குழந்தைகளின் இரவு உடுப்பு. தீப்பிடிக்காமல் இருக்க அதில் சேர்த்த 'டிரிஸ்' என்ற ரசாயனம் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று, உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸுடன் சேர்ந்து 1977 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். மூன்றே மாதங்களில் அமெரிக்கா அந்த உடுப்புகளைத் தடை செய்தது. எத்தனையோ குழந்தைகளின் தோலிலிருந்து நஞ்சை விலக்கிய வேலை அது, எந்தச் சிகரத்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் அன்னபூர்ணாக் கணக்கில் அதனால் ஒரு காசும் சேரவில்லை.

பணத்தைக் கொண்டுவந்தது இன்னொரு துணி, சாதாரண டி-ஷர்ட். பெண்ணின் இடம் வீடுதான் என்ற பழைய பேச்சைத் திருப்பிப்போட்டு, 'பெண்ணின் இடம் உச்சியில்' என்று மார்பில் அச்சிட்டார்கள். விற்பனை பத்தாயிரத்தைத் தாண்டிப் போனது. மலைப்பக்கமே எட்டிப் பார்க்காத பெண்கள் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் தந்த டாலர்களில்தான் கயிறும் கூடாரமும் விமான டிக்கெட்டும் வந்தன. 1978-ல் குழு நேபாளத்தில் இறங்கியபோது, சட்டையில் எழுதியதை மலையில் மெய்யாக்க வேண்டிய கடன் பாக்கியிருந்தது.

இரவும் பகலும் பனிச்சரிவுகள் உருண்டன. மேலே போவதா, திரும்புவதா, ஷெர்பாக்கள் உச்சிவரை வரலாமா என்று கூடாரத்துக்குள் வாக்குவாதங்கள். ஷெர்பா துணையில்லாமல் பெண்களே ஏற வேண்டும் என்பது குழுவில் இருந்த ஆலிசனின் பிடிவாதம். அக்டோபர் 15 பிற்பகலில் குழுவின் ஐரீன் மில்லரும் வேரா கொமார்கோவாவும், மிங்மா செரிங், செவாங் ரிஞ்ஜிங் என்ற இரு ஷெர்பாக்களோடு உச்சியில் நின்றார்கள். அன்னபூர்ணாவை ஏறிய முதல் பெண்கள் அவர்கள், முதல் அமெரிக்கர்களும் அவர்களே. இரண்டாவது அணி இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.

ஆலிசன் சாட்விக், வேரா வாட்சன் இருவருமே அந்த அணி. அக்டோபர் 17-ல், ஒரே கயிற்றில் பிணைந்திருந்த இருவரும் விழுந்து இறந்தார்கள். நோஷாக்கில் முளைத்த கனவில் முதல் நாளிலிருந்து பங்கு கொண்டவர் ஆலிசன். வெற்றியும் துக்கமும் ஒரே வாரத்தில் வந்தன. போயிருக்கவே கூடாது என்று சொன்னவர்களும் உண்டு.

ஆர்லீன் எதையும் மறைக்காமல், சண்டைகள், தன் தயக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் 1980-ல் நூலாக எழுதினார். தலைப்பை அந்தச் சட்டையிலிருந்தே எடுத்துக்கொண்டார்: 'அன்னபூர்ணா: எ உமன்ஸ் பிளேஸ்'. வழிச்செலவுக்காக அச்சிட்ட டி-ஷர்ட், பயணம் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அதே வாசகத்தோடு அச்சாகி விற்கிறது.