மேப்புல இல்லாத சுமைதாங்கிக் கல்

இன்னைக்கு நடக்குற வழியைப் பத்திப் பேசலாம். ஒரே இடத்துக்கு நாலு தெரு வழியாப் போகலாம்னா, நம்ம கால் ஏன் ஒண்ணை மட்டும் எடுக்குது?

சென்னிமலையிலிருந்தே ஆரம்பிப்போம். முருகன் கோயிலுக்கு 1,320 படி. வண்டி போறதுக்குத் தனியா மலை ரோடும் இருக்கு. ஆனாலும் படியேறுறவங்க இன்னைக்கும் உண்டு. வேண்டுதல் ஒரு காரணம்தான். இன்னொண்ணு, அந்தப் படிவழியை அமைச்சவங்க ஏறுறவங்களோட மூச்சையும் கணக்குல எடுத்திருக்காங்க. வழியில மண்டபம், நிழல், உட்கார இடம்னு இருக்கு.

இந்தக் கணக்கு கோயிலோட நிக்கல. பழைய சாலையோரத்துல சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க. ரெண்டு கல்லை நட்டு, மேல ஒண்ணைக் கிடையா வச்சிருப்பாங்க. தரையில இறக்கின மூட்டையைத் திரும்பத் தலைக்கு ஏத்த இன்னொரு ஆள் வேணும். கல்லு மேல இறக்கினா தனியாளாவே எடுத்துக்கலாம். பிள்ளைத்தாய்ச்சியா இறந்துபோன பெண்ணோட நினைவா இதை நடுறது வழக்கம். அவ இறக்க முடியாத சுமைக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்க ஒரு இடம். 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டப்பவும் மரம், சத்திரம், தண்ணினு சேர்த்துத்தான் செஞ்சாங்க.

நாம கோடு எழுதுற ஆளுங்க. மேப் ஆப்புல ரெண்டு முனைக்கு நடுவுல இருக்குற கோட்டுக்கு ஒரு 'வெயிட்' கொடுப்போம். பெரும்பாலும் அது தூரம், இல்லன்னா நேரம். பழைய ஆளுங்க வெயில், தாகம், தலைச்சுமை எல்லாத்தையும் அந்த வெயிட்ல சேர்த்திருக்காங்கன்னு எனக்குத் தோணுது.

2021ல எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பாஸ்டன், கேம்பிரிட்ஜ் நகரங்கள்ல 14,000 பேருக்கு மேல நடந்த பாதைகளை போன் டேட்டாவுல பார்த்தாங்க. பல பேர் குறுக்குவழியில போகல. போக வேண்டிய இடத்தை நோக்கி நேரா நீளுற மாதிரி தெரியுற தெருவை எடுத்திருக்காங்க. அதனால போற வழி ஒண்ணு, வர்ற வழி வேற. ஏனுங்க, நம்ம ஊர்ல இப்படி எடுத்தா என்ன வரும்? பிளாட்பாரத்துல பைக், உடைஞ்ச சாக்கடை மூடி, தெருவிளக்கு இல்லாத சந்து. ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற பொண்ணுங்க வெளிச்சம் இருக்குற வழியாத்தான் சுத்தி வருவாங்க. அந்தக் கூடுதல் தூரம் எந்த மேப்லயும் பதிவாகாது.

சென்னை பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல நடைபாதையை அகலமாக்கித் திறந்தாங்க. அதுவரை ரோட்டுல இறங்கி நடந்தவங்க மரத்தடியில நடக்க ஆரம்பிச்சாங்க. நல்ல வேலை. ஆனா 2013லயே அங்க இருந்த நடைபாதைக் கடைக்காரங்களை ஒரு கட்டடத்துக்குள்ள மாத்திட்டாங்க. ஒரு தெருவுல தைரியமா நடக்க வைக்கிறதுல பூக்கடைக்கும் டீக்கடைக்கும் பங்கு இருக்கு, அதை டிசைன் பண்றவங்க மறந்துடுறாங்க.

ரோடு அகலமாக்கும்போது சுமைதாங்கிக் கல்லும் அப்படித்தான் பிடுங்கப்படுது. உங்க ஊர்ப் பக்கம் ஒண்ணு இன்னும் நிக்குதுன்னா, போட்டோவோட எந்த ரோடுன்னு எழுதி அனுப்புங்க. எல்லாத்தையும் ஒரு மேப்ல போடலாம்.