மலைக்காளானும் மன்றத்தின் நிறைகோலும்

பழனி மலைத்தொடரின் உச்சியில் விளங்கும் கோடைக்கானலில் முளைக்கும் காளான்களுள் சில மயக்கம் தருவன. அவற்றை நாடிச் சென்று வழக்கில் சிக்கிய இளைஞர் பலர். அவர்தம் எதிர்காலம், நீதிமன்றம் அக்காளானை எவ்வாறு நிறுக்கிறது என்பதைப் பொறுத்ததாகும்.

காளானிலுள்ள சைலோசைபின் என்னும் பொருளை 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் தடை செய்தது. 2001 ஆம் ஆண்டின் திருத்தம், அளவுக்கேற்பத் தண்டனையை வகுத்தது. இப்பொருள் 2 கிராம் வரை சிறு அளவு. 50 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது ஆண்டுச் சிறை. பிணை கிடைப்பதும் அரிது.

கலவையாயின் முழு எடையையும் கணக்கிட வேண்டும் என 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியாயின் சில பிடி காளானே வணிக அளவாகிவிடாதோ? 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், காளான் இயற்கையில் விளைவது, கலவையன்று எனக் கூறிப் பிணை வழங்கியது. ஒரு சொல்லின் பொருளில் ஓர் இளைஞனின் இருபதாண்டுகள் அடங்கியிருந்தன!

தமிழ்நாட்டில் எழுந்த தூஃபான் சிங் வழக்கும் நினைவுகூரத் தக்கது. விசாரணை அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டித்தல் ஆகாது என 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அறுதியிட்டது.

போதையை எவரும் ஆதரியார். ஆயினும் பிள்ளை பிடிபட்டான் என்றதும் நாணி ஒதுங்கும் பெற்றோர் ஒன்றை அறிதல் வேண்டும்: காவலில் உள்ளவர் எவராயினும், வருமானம் பாராது, இலவச சட்ட உதவி பெற 1987 ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தந்துள்ளது.